காலிபர் பட்டியலை எக்செலில் திறந்தால் ஐஎஸ்பிஎன் ஏன் சிதைகிறது, எப்படி மீட்பது

நீங்கள் எழுதியிருந்ததைச் சுருக்கினால் இவ்வளவுதான். பல வருடமாகச் சேர்த்த மின்னூல்களை, பழைய இதழ்த் தொகுப்புகளோடு சேர்த்து காலிபர் என்ற மின்னூல் நிர்வாக மென்பொருளில் வைத்திருக்கிறீர்கள். பட்டியலை சிஎஸ்வி கோப்பாக எடுத்து எக்செலில் திறந்தீர்கள். நூலின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் இருக்கவேண்டிய இடத்தில் 9.78031ஈ+12 என்று ஏதோ நிற்கிறது. சில ஆங்கில நூல்களுக்குப் பத்து இலக்கத்துக்குப் பதில் ஒன்பதுதான் வந்திருக்கிறது. 3/4 என்று நீங்கள் பதிந்திருந்த இரட்டை இதழ் எண், ஏப்ரல் மூன்றாம் தேதியாகிவிட்டது. நான்கு நட்சத்திரம் கொடுத்த நூலுக்கு 8 என்று காட்டுகிறது. காலிபர் எண்களைக் கெடுத்துவிட்டதா, எல்லாவற்றையும் கையால் திருத்த வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள்.

காலிபர் கெடுக்கவில்லை. கையாலும் திருத்த வேண்டாம். ஆனால் அந்த எக்செல் சாளரத்தில் இன்னும் சேவ் செய்யாமல் இருந்தால், தயவுசெய்து செய்யாதீர்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

முதலில் உங்கள் கண்ணாலேயே பார்த்துவிடுங்கள். சிஎஸ்வி கோப்பின் மேல் வலது கிளிக் செய்து நோட்பேடில் திறங்கள். முதல் வரியில் நெடுவரிசைகளின் பெயர்கள் இருக்கும். அடுத்த வரியிலிருந்து ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வரி. ஒவ்வொரு தகவலும் இரட்டை மேற்கோளுக்குள், நடுவில் கமா. அங்கே "0306406152" என்று முதல் பூஜ்யத்தோடு இருக்கும், "9780306406157" என்று பதின்மூன்று இலக்கமும் முழுதாக இருக்கும். "3/4" என்பதும் அப்படியே இருக்கும். கோப்பு சுத்தம். அதை டபுள் கிளிக் செய்து திறந்த அந்த நொடியில் எக்செல் செய்த வேலைதான் மற்றதெல்லாம்.

சிஎஸ்வி வெறும் எழுத்துக் கோப்பு. எந்த நெடுவரிசை எண், எது எழுத்து, எது தேதி என்று சொல்ல அதில் இடமே கிடையாது. மேற்கோள் குறி போட்டால் எக்செல் அதை எழுத்தாக எடுத்துக்கொள்ளும் என்று பலர் நம்புகிறார்கள், அது தவறு. தகவலுக்குள் கமா வந்தால் அங்கே வெட்டிவிடாமல் இருக்கத்தான் அந்த மேற்கோள். எக்செல் மேற்கோளைக் கழற்றி எறிந்துவிட்டு, உள்ளே இருப்பது எண் மாதிரித் தெரிந்தால் எண், தேதி மாதிரித் தெரிந்தால் தேதி என்று தானாக முடிவு கட்டும். எண் என்று முடிவான பிறகு இடது பக்கப் பூஜ்யத்துக்கு மதிப்பில்லை, போய்விடும். பன்னிரண்டு இலக்கமோ அதற்கு மேலோ இருந்தால் சாதாரண ஃபார்மட்டில் 9.78031ஈ+12 மாதிரி அடுக்குக்குறி வடிவத்தில்தான் காட்டும். நெடுவரிசையை எவ்வளவு அகலமாக இழுத்தாலும் மாறாது. பதினைந்து இலக்கத்துக்கு மேல் போனால் மிச்சத்தை உண்மையிலேயே பூஜ்யமாக்கிவிடும். நல்லவேளையாக ஐஎஸ்பிஎன் பதின்மூன்றோடு நிற்கிறது.

இது நம் புத்தகப் பட்டியலுக்கு மட்டும் வந்த தொல்லை இல்லை. மனித மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழு, எக்செல் தேதியாக மாற்றிவிடுகிறது என்ற காரணத்துக்காகவே சில மரபணுக்களின் பெயரை மாற்றிவிட்டதாக 2020இல் அறிவித்தது. மார்ச், செப்டம்பர் என்ற மாதப் பெயர்களைப் போல ஒலித்த சுருக்கங்கள் அவை. அறிவியலாளர்களே பெயரை மாற்றிக்கொள்ளும் அளவுக்கு இந்தப் பழக்கம் ஊறிப்போனது.

கூட்டவோ கழிக்கவோ சராசரி பார்க்கவோ போகாத எண்ணை எழுத்தாகத்தான் வைத்திருக்க வேண்டும். வீட்டுக் கதவு எண், பின்கோடு, செல்பேசி எண் எல்லாம் இந்த வகை. கதவு எண் 12/5 என்றால் பன்னிரண்டை ஐந்தால் வகுக்கச் சொல்கிறார்கள் என்று யாரும் நினைப்பதில்லை. ஐஎஸ்பிஎன் அப்படித்தான், இலக்கங்களால் எழுதப்பட்ட ஒரு பெயர். இதை எக்செலுக்குக் கோப்பு உள்ளே நுழையும்போதே சொல்லிவிட வேண்டும். நுழைந்த பிறகு அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று மாற்றினால் பயனில்லை, போன பூஜ்யம் திரும்பாது.

உங்கள் பட்டியலில் ஆங்கில நூல்களுக்கு மட்டும் பூஜ்யம் போனதற்கும் காரணம் இருக்கிறது. பழைய பத்து இலக்க ஐஎஸ்பிஎன்னில் முதலில் வருவது நாடு அல்லது மொழிக் குழுவின் எண். ஆங்கிலம் பேசும் நாடுகளுக்கு 0, 1. இந்தியாவுக்கு 81, பிறகு 93. இலங்கைக்கு 955, பின்னால் 624. ஆக சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ வந்த நூலின் எண் பூஜ்யத்தில் தொடங்காது, தப்பித்துக்கொள்ளும். லண்டனிலும் நியூயார்க்கிலும் வந்தவற்றில் 0வில் தொடங்குபவை அடிபடும். கடைசி இலக்கம் எக்ஸ் என்று முடிகிற பத்து இலக்க எண்கள் மட்டும் எந்த நாட்டுடையதாக இருந்தாலும் சேதமில்லாமல் இருக்கும், அதில் எழுத்து இருப்பதால் எக்செல் எண்ணாக எடுக்காது. ஒரே நெடுவரிசையில் சில இடப்பக்கமும் சில வலப்பக்கமும் ஒட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். இடப்பக்கம் நிற்பது எழுத்து, வலப்பக்கம் நிற்பது எண்ணாகவோ தேதியாகவோ மாறிவிட்டது. எதைத் திறந்தாலும் முதலில் இந்த ஒட்டலைப் பாருங்கள். எங்கே கை வைத்திருக்கிறது என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

இப்போது சேவ் விஷயம். 9.78031ஈ+12 என்று காட்டும்போது கூட செல்லுக்குள் 9780306406157 என்ற முழு எண் பத்திரமாக இருக்கிறது. அந்த செல்லில் நின்று மேலே உள்ள ஃபார்முலா பட்டையைப் பார்த்தால் தெரியும். ஆனால் அதே கோப்பை மறுபடி சிஎஸ்வியாக சேவ் செய்தால், எக்செல் திரையில் தெரிவதை எழுதுமே தவிர உள்ளே இருப்பதை எழுதாது. அடுத்த முறை திறக்கும்போது 9780310000000 என்று இருக்கும். இதற்கு மருந்தே கிடையாது. இந்திய நூல்களில் நிலைமை இன்னும் மோசம். பாதிக்கு மேல் 97881, 97893 என்று ஒரே மாதிரித் தொடங்குவதால், வெவ்வேறு பதிப்பகங்களின் நூல்கள் 9788190000000 என்ற ஒரே எண்ணில் வந்து விழுந்துவிடும்.

எனக்கே இது நடந்திருக்கிறது. எங்கள் ஊர்ப் படிப்பகத்துக்காக ஒரு மின்னூல் பட்டியல் தயாரித்தேன். இரண்டு தலைப்புகளில் எழுத்துப்பிழை இருந்தது, எக்செலில் திறந்து திருத்தி, கேட்ட கேள்விக்கெல்லாம் எஸ் கொடுத்து மூடினேன். மூன்று வாரம் கழித்து யாரோ ஐஎஸ்பிஎன் வைத்துத் தேடியபோதுதான் எல்லாம் ஒரே எண்ணாக இருப்பது தெரிந்தது. காலிபரில் சரியான எண் இருந்தது உண்மை. ஆனால் இடைப்பட்ட நாட்களில் அந்தப் பட்டியலில் 'யார் எடுத்திருக்கிறார்', 'திருப்பியாயிற்றா' என்று வேறு நெடுவரிசைகள் சேர்ந்திருந்தன. பழையதையும் புதியதையும் தலைப்பை வைத்து இணைக்கப் போனால், தமிழ்த் தலைப்பில் ஒற்று மிகுவதும் சொல் பிரிவதும் ஒவ்வொரு வரியிலும் ஒவ்வொரு விதம். இரண்டு இரவு போனது. காலிபர் ஒவ்வொரு நூலுக்கும் தரும் வரிசை எண்ணை, 'ஐடி' என்ற நெடுவரிசையை, பட்டியலோடு எடுத்திருந்தால் ஐந்து நிமிட வேலை. அதனால் எந்தப் பட்டியல் எடுத்தாலும் அந்த ஐடி நெடுவரிசையை விடாதீர்கள்.

ஏற்கெனவே டபுள் கிளிக்கில் திறந்து, இன்னும் மூடாமல் இருந்தால் முதலுதவி இது. அடுக்குக்குறியில் இருக்கும் நெடுவரிசையைத் தேர்ந்து, ஃபார்மட் செல்ஸ் போய், நம்பர் என்று தேர்ந்து தசம இலக்கத்தைப் பூஜ்யமாக்குங்கள். பதின்மூன்று இலக்கமும் திரும்பி வரும். பூஜ்யம் போன பத்து இலக்க எண்களுக்குப் பக்கத்தில் ஒரு காலி நெடுவரிசை வைத்து, டெக்ஸ்ட் என்ற ஃபங்ஷனைப் பயன்படுத்துங்கள். அடைப்புக்குள் முதலில் அந்த செல்லின் பெயர், கமா, பிறகு இரட்டை மேற்கோளுக்குள் பத்து பூஜ்யம். 306406152 என்பது 0306406152 ஆகும். எக்ஸில் முடிகிறவை ஏற்கெனவே எழுத்தாக இருப்பதால் இந்த ஃபங்ஷன் அவற்றைத் தொடாது. பதின்மூன்று இலக்கத்தையும் குறைக்காது. பிறகு விடையை நகல் எடுத்து, வேல்யூஸ் ஒன்லி என்று ஒட்டி, எக்செலின் சொந்தக் கோப்பு வடிவத்தில் சேவ் செய்யுங்கள். தேதியான இதழ் எண்ணை மட்டும் இப்படி மீட்க முடியாது. அதை டெக்ஸ்ட் என்று மாற்றினால் 3/4 வராது, 45385 மாதிரி ஐந்து இலக்கம் ஒன்று வரும். 1900 ஜனவரி முதல் நாள் கணக்கு வைத்து எக்செல் ஏப்ரல் மூன்றுக்குக் கொடுத்த எண் அது. 2024இல் திறந்திருந்தால் அந்த எண், வேறு வருடம் திறந்தால் வேறு எண்.

முதலுதவி அவசரத்துக்குத்தான். பட்டியலை மறுபடி சுத்தமாக உள்ளே கொண்டுவருவதே நல்லது, நேரமும் குறைவு.

காலிபரில் 'கன்வெர்ட் புக்ஸ்' பொத்தானுக்குப் பக்கத்தில் உள்ள சின்ன அம்பை அழுத்தினால் கேட்டலாக் உருவாக்கும் வழி வரும். அங்கே சிஎஸ்வி தேர்ந்தால் எந்தெந்தத் தகவல் வேண்டும் என்று குறிக்க ஒரு பட்டியல் வரும். திரையில் ஒன்றுக்கு மேற்பட்ட நூல்களைத் தேர்ந்து வைத்திருந்தால் அவை மட்டும்தான் வரும், கவனம். வேண்டியதை மட்டும் எடுங்கள். நூலைப் பற்றிய நீண்ட குறிப்பு வரும் 'காமென்ட்ஸ்' நெடுவரிசை பெரும்பாலும் தேவைப்படாது. எக்செலின் ஒரு செல்லில் 32,767 எழுத்துகளுக்கு மேல் இடமில்லை, தவிர கோடு போட்டோ சமக்குறி போட்டோ தொடங்கும் குறிப்பை எக்செல் ஃபார்முலா என்று நினைத்துப் பிழை காட்டும்.

பிறகு எக்செலை முதலில் காலியாகத் திறங்கள். கோப்பை டபுள் கிளிக் செய்யவே வேண்டாம். டேட்டா தாவலில் 'ஃப்ரம் டெக்ஸ்ட், சிஎஸ்வி' என்று இருக்கும். கோப்பைக் காட்டியதும் ஒரு முன்னோட்டம் வரும். ஃபைல் ஆரிஜின் என்ற இடத்தில், தமிழ் எழுத்தைச் சரியாகப் படிக்கவைக்கும் குறியீட்டு முறையான 65001, யுடிஎஃப்-8 இருக்கிறதா பாருங்கள். நேராக லோட் கொடுக்காமல் 'டிரான்ஸ்ஃபார்ம் டேட்டா' அழுத்துங்கள். பவர் குவெரி என்ற சாளரம் திறக்கும். அதன் வலது பக்கம் இதுவரை நடந்த படிகள் வரிசையாக இருக்கும்; கடைசியில் 'சேஞ்ச்டு டைப்' என்று ஒன்று. அங்கேதான் உங்கள் பூஜ்யம் போகிறது. அதன் அருகில் உள்ள பெருக்கல் குறியை அழுத்தி நீக்கிவிடுங்கள். முன்னோட்டத்தில் பூஜ்யங்கள் திரும்பி வருவதை அப்போதே பார்க்கலாம். அதற்குப் பிறகு எந்த நெடுவரிசையைக் கூட்டிக் கழிக்க வேண்டுமோ அதற்கு மட்டும் நீங்களே எண் என்று வகை கொடுங்கள். மற்றவை எழுத்தாகவே இருக்கட்டும்.

இங்கே இரண்டு இடத்தில் பலர் தடுக்கி விழுகிறார்கள். ஒன்று, 'சேஞ்ச்டு டைப்' படியை நீக்காமல், ஐஎஸ்பிஎன் நெடுவரிசையைப் பிடித்து டெக்ஸ்ட் என்று மாற்றுவது. அப்போது, இருக்கும் படியை மாற்றவா, புதுப் படி சேர்க்கவா என்று கேட்கும். புதுப் படி என்றால் முதலில் எண்ணாக்கி, பூஜ்யத்தைத் தொலைத்து, பிறகு எழுத்தாக்கும், பலன் இல்லை. 'ரீப்ளேஸ் கரன்ட்' தான் கொடுக்க வேண்டும். இரண்டாவது, நெடுவரிசைப் பெயர்கள் தலைப்பாக ஏறாமல் முதல் வரியில் நின்றால், முதல் வரியைத் தலைப்பாக்கும் பொத்தானை அழுத்துவோம். அது தலைப்பை ஏற்றிவிட்டு, கேட்காமலேயே இன்னொரு 'சேஞ்ச்டு டைப்' படியையும் சேர்த்துவிடும். அதையும் நீக்க வேண்டும்.

எல்லாம் சரியாக லோட் ஆனதும் ஐஎஸ்பிஎன் செல்களின் மூலையில் குட்டிப் பச்சை முக்கோணம் தெரியலாம். எண் எழுத்தாகச் சேமிக்கப்பட்டிருக்கிறது என்று எக்செல் சொல்லும் எச்சரிக்கை அது. நமக்கு வேண்டியதே அதுதான். அதைக் கிளிக் செய்து 'கன்வெர்ட் டு நம்பர்' கொடுத்துவிடாதீர்கள். செய்த வேலை முழுவதும் அந்த ஒரு கிளிக்கில் போய்விடும்.

மைக்ரோசாஃப்ட் 365 சந்தா எக்செல் வைத்திருப்பவர்களுக்கு 2023 முதல் ஒரு வசதி வந்திருக்கிறது. ஆப்ஷன்ஸில் டேட்டா பகுதியில், இடப்பக்கப் பூஜ்யத்தை நீக்குவது, நீண்ட எண்ணை அடுக்குக்குறியாக்குவது, எழுத்தும் எண்ணும் கலந்ததைத் தேதியாக்குவது என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி டிக் இருக்கிறது. எடுத்துவிடலாம். ஆனால் அது உங்கள் கணினியில் மட்டும்தான். பட்டியலை வாங்குகிறவரின் எக்செல் பழையபடிதான் நடந்துகொள்ளும்.

எக்செல்தான் வேண்டும் என்ற கட்டாயம் இல்லையென்றால், இந்த வேலைக்கு நான் லிப்ரே ஆபீஸ் கால்க்கைத்தான் கைகாட்டுவேன். இலவசம் என்பதற்காக இல்லை. அது திறப்பதற்கு முன்பே கேட்கிறது. சிஎஸ்வியை டபுள் கிளிக் செய்தாலே இறக்குமதிச் சாளரம் வந்துவிடும். அதில் மேற்கோளுக்குள் இருப்பதை எழுத்தாக எடு என்ற பொருளில் ஒரு டிக் இருக்கிறது, 'ஃபார்மட் கோட்டட் ஃபீல்ட் ஆஸ் டெக்ஸ்ட்' என்று. காலிபர் எல்லாத் தகவலையும் மேற்கோளுக்குள் எழுதுகிறது என்று மேலே சொன்னேன் அல்லவா, ஆகவே அந்த ஒரு டிக் போட்டால் முழுப் பட்டியலும் கைபடாமல் உள்ளே வந்துவிடும். தொடர் எண், கோப்பு அளவு போன்றவையும் எழுத்தாகத்தான் வரும், அவற்றைப் பிறகு வேல்யூ ஃபங்ஷனால் எண்ணாக்கிக்கொள்ளலாம். அது வேண்டாம் என்றால் டிக் போடாமல், கீழே தெரியும் முன்னோட்டத்தில் ஐஎஸ்பிஎன், இதழ் எண் நெடுவரிசைகளின் தலையைக் கிளிக் செய்து டெக்ஸ்ட் என்று கொடுங்கள்.

கூகுள் ஷீட்ஸில், ஃபைல் மெனுவில் இம்போர்ட் போய்க் கோப்பை ஏற்றும்போது, எழுத்தை எண்ணாகவும் தேதியாகவும் மாற்று என்றொரு டிக் ஏற்கெனவே போட்டிருக்கும். அதை எடுத்துவிட்டு ஏற்றுங்கள். அவ்வளவுதான்.

இதழ் எண்ணுக்குத் திரும்புகிறேன். தமிழ் இதழ்த் தொகுப்பு வைத்திருப்பவர்கள் எல்லோரையும் இது கடிக்கும். இரட்டை இதழ்களை 1/2, 3/4, 11/12 என்று குறிப்பது நம் பழக்கம். இவை எல்லாம் எக்செலுக்குத் தேதி. 13/14, 23/24 மட்டும் தேதியாக முடியாது, பதினான்காம் மாதம் கிடையாதே, எனவே எழுத்தாக நிற்கும். ஒரே நெடுவரிசையில் பாதி தேதி, பாதி எழுத்து. வரிசைப்படுத்தினால் குலைந்துவிடும். 5-64 என்று மாதமும் வருடமும் எழுதியிருந்தால் 1964 மே முதல் தேதியாகும். சாய்கோட்டுக்குப் பதில் சிறுகோடு போட்டாலும் இதே கதைதான். நான் காலிபரிலேயே அந்த நெடுவரிசையில் 'இதழ் 3-4' என்று முன்னால் ஒரு சொல் சேர்த்துவிட்டேன். மாதப் பெயராக இல்லாத ஒரு சொல் இப்படி முன்னால் நின்றால் எக்செல் அதைத் தேதியாக்காது. காலிபரில் பல நூல்களை ஒன்றாகத் தேர்ந்து, தேடி மாற்றும் வசதியில் ஒரே தடவையில் செய்துவிடலாம்.

பதிப்புத் தேதி இன்னொரு தலைவலி. காலிபர் தேதியை 2004-01-01, நடுவில் டி என்ற ஆங்கில எழுத்து, பிறகு நேரம், கடைசியில் +05:30 என்று நீட்டி எழுதும். எக்செல் இதைத் தேதியாக எடுக்காது, எழுத்தாகவே விடும். உங்களுக்கு வருடம்தானே வேண்டும்? இடப்பக்கம் நான்கு எழுத்தை வெட்டி எடுக்கும் லெஃப்ட் ஃபங்ஷன் போதும். ஆனால் வெட்டுவதற்கு முன் கடைசியில் +05:30 இருக்கிறதா, +00:00 இருக்கிறதா என்று பாருங்கள். காலிபர் தன் தரவுத்தளத்துக்குள் நேரத்தை உலகப் பொது நேரத்தில்தான் வைத்திருக்கிறது. நம் ஊரில் 2004 ஜனவரி 1, நள்ளிரவு 12 மணி என்பது அங்கே 2003 டிசம்பர் 31, மாலை 6.30. தரவுத்தளக் கோப்பை நேரடியாகத் திறந்து பட்டியல் எடுத்தவர்களின் கையில், ஜனவரி 1 என்று பதிந்த நூல்கள் எல்லாம் ஒரு வருடம் முந்திப்போய் நிற்பது இதனால்தான். +00:00 என்று பார்த்தால் ஐந்தரை மணி நேரம் கூட்டிவிட்டு வருடத்தை எடுங்கள். 0101 என்று வருடம் வந்தால் பயப்படாதீர்கள். தேதியே பதியாத நூல் என்று பொருள்.

பழைய பதிப்புகள் வைத்திருந்தால் தேதியை முழுத் தேதியாக மாற்றும் முயற்சியே வேண்டாம். எக்செலின் நாட்காட்டி 1900இல் தொடங்குகிறது. உ.வே.சா. பதிப்பித்தவற்றில் 1887, 1892, 1894 என்று ஆண்டு பதிந்திருந்தால், அவை தேதியாக மாறாமல் எழுத்தாகவே நின்று, ஏறுவரிசையில் அடுக்கும்போது 2020க்கும் பின்னால் போய் உட்காரும். நம் மிகப் பழைய நூல் பட்டியலின் அடியில் கிடக்கும். வருடத்தை நான்கு இலக்க எண்ணாக, தனி நெடுவரிசையில் வைப்பதே சரி.

மதிப்பீடு 8 என்று வந்ததில் பிழை ஒன்றும் இல்லை. அரை நட்சத்திரத்துக்கும் இடம் வைப்பதற்காக காலிபர் பத்துக்குக் கணக்கு வைக்கிறது, பட்டியலில் உங்களுக்கு வந்ததுபோல் பத்துக்கு வந்திருந்தால் இரண்டால் வகுங்கள், உங்கள் நட்சத்திரம் வந்துவிடும். கோப்பு அளவு பைட்டில் வரும், 1048576ஆல் வகுத்தால் எம்பி.

ஒரு தொடரில் இது எத்தனையாவது நூல் என்று சொல்லும் தொடர் வரிசை எண்ணை மட்டும் மறக்காமல் எண்ணாக்குங்கள். எழுத்தாக விட்டால் 1.0க்குப் பிறகு 10.0, 11.0 வந்து, அப்புறம்தான் 2.0 வரும். முழு எண்ணுக்குப் பின்னால் வரும் புள்ளிப் பூஜ்யம் உறுத்தினால் ஃபார்மட்டை ஜெனரல் என்று விடுங்கள், 1 என்றும் 1.5 என்றும் தேவைக்கேற்பக் காட்டும். ஜெர்மனியில் இருக்கும் நம்மவர்களுக்கு இந்த நெடுவரிசை தனித் தொல்லை. அங்கே தசமத்துக்குக் கமா, தேதிக்குப் புள்ளி. 1.5 என்ற தொடர் எண்ணைப் பார்த்தவுடன் அவர்கள் ஊர் எக்செல் மே மாதம் முதல் தேதி என்று எழுதிவிடும். டபுள் கிளிக் செய்தால் முழு வரியும் முதல் நெடுவரிசையிலேயே குவிந்துவிடும், ஏனென்றால் அங்கே பிரிப்பதற்கு அரைப்புள்ளியை எதிர்பார்க்கிறது. பவர் குவெரி வழியில் வந்து கமாவைப் பிரிப்பானாக வைத்தால் வரி குவியாது; அங்கே வகை மாற்றும்போது 'யூசிங் லோகேல்' என்ற வழியில் போய் ஆங்கிலம் என்று கொடுத்தால் தேதிச் சிக்கலும் வராது.

தமிழ் எழுத்து குலைவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவைக்கிறேன். காலிபர் எழுதும் சிஎஸ்வியின் தொடக்கத்தில், இது யுடிஎஃப்-8 என்று சொல்லும் கண்ணுக்குத் தெரியாத குறி ஒன்று இருக்கிறது. அதனால் எக்செல் தமிழை ஒழுங்காகவே காட்டும். வேறு ஏதாவது மென்பொருளில் திறந்து சேவ் செய்யும்போது அந்தக் குறி விழுந்துவிட்டால், தலையில் கோடு போட்ட சின்ன ஏ எழுத்தும், வட்டத்துக்குள் இருக்கும் ஆர் குறியும் மாறி மாறி வந்து தலைப்புகள் எல்லாம் குப்பையாகத் தெரியும். தகவல் அழியவில்லை. மேலே சொன்ன டேட்டா வழியில் 65001 கொடுத்துத் திறந்தால் தமிழ் திரும்பிவிடும்.

எல்லாம் முடிந்த பிறகு, எண்கள் உண்மையிலேயே சரியாக இருக்கின்றனவா என்று சோதிக்க ஐஎஸ்பிஎன்னுக்குள்ளேயே வழி இருக்கிறது. கடைசி இலக்கம் சோதனை இலக்கம். 9780306406157ஐ எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பன்னிரண்டு இலக்கத்தில் ஒற்றை இடத்தில் இருப்பவை 9, 8, 3, 6, 0, 1, கூட்டினால் 27. இரட்டை இடத்தில் இருப்பவை 7, 0, 0, 4, 6, 5. கூட்டினால் 22, அதை மூன்றால் பெருக்கினால் 66. இரண்டும் சேர்ந்து 93. அடுத்த பத்தின் மடங்கான 100ஐத் தொட 7 வேண்டும். கடைசி இலக்கம் 7. பொருந்துகிறது. இதையே ஒரு ஃபார்முலாவாக எழுதி நெடுவரிசை முழுவதும் இழுத்துவிட்டால், தப்பாகத் தட்டச்சு செய்த எண்களும் சேர்ந்து மாட்டும். நான் செய்து பார்த்தபோது எக்செல் கெடுத்தவற்றைவிட, பல வருடம் முன்பு நானே தவறாக அடித்தவை அதிகம் கிடைத்தன.

இதே கணக்கால் பூஜ்யத் தொல்லையை நிரந்தரமாகவும் ஒழிக்கலாம். 2007 ஜனவரி முதல் ஐஎஸ்பிஎன் பதின்மூன்று இலக்கம்தான்; பழைய பத்து இலக்க எண் எதையும் மாற்றிக்கொள்ளலாம். 0306406152இல் கடைசி இலக்கத்தை விட்டு, முன்னால் 978 சேர்த்து, மேலே சொன்னபடி புதுச் சோதனை இலக்கம் கண்டால் 9780306406157 கிடைக்கும். பதின்மூன்று இலக்க எண் 978 அல்லது 979இல்தான் தொடங்கும், தொலைவதற்கு இடப்பக்கம் பூஜ்யமே இருக்காது. எனக்கு நேரம் கிடைத்தபோது காலிபரில் என் நூல்களை இப்படி மாற்றிவிட்டேன்.

கடைசியாக இரண்டு நடைமுறை விஷயம். உங்கள் பட்டியலை ஒரு நூலகத்தின் பட்டியலோடு, ஒரு பட்டியலில் உள்ளதை இன்னொன்றில் தேடித் தரும் 'விலுக்கப்' என்ற எக்செல் ஃபங்ஷனை வைத்து ஒப்பிடப் போகிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் பக்கம் ஐஎஸ்பிஎன் எழுத்தாகவும், அவர்கள் பக்கம் எண்ணாகவும் இருந்தால், கண்ணுக்கு ஒரே எண் தெரிந்தாலும் ஒன்றுகூடப் பொருந்தாது. அவர்கள் நெடுவரிசையையும் டெக்ஸ்ட் ஃபங்ஷனால் எழுத்தாக்கிவிட்டு ஒப்பிடுங்கள். நண்பர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது சிஎஸ்வியாக அனுப்பாமல் எக்செல் கோப்பாகவே அனுப்புங்கள், அதில் எது எழுத்து, எது எண் என்பது கோப்போடு சேர்ந்தே போகும். சிஎஸ்விதான் வேண்டும் என்று யாராவது கேட்டால் காலிபரிலிருந்து புதிதாக எடுத்து, நோட்பேடில் மட்டும் ஒரு தடவை பார்த்துவிட்டு அனுப்பிவிடுங்கள்.